ஹங்வெல்லவுக்கு வாடகை வான் பேசும் முன்: மட்டக்களப்புக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்கள் பக்க வீடுகளில் இந்தக் கதை தொடங்கிவிடும். கொழும்புப் பக்கத்து நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிற கதை. பிள்ளைகளை ஹங்வெல்லவிலுள்ள ‘லெஷர் வேர்ல்டு’க்குக் கூட்டிப் போவோமா, பண்டாரகமவிலுள்ள ‘பேர்ள் பே’வுக்குப் போவோமா? மாமி வீட்டில் ஐந்து பேர், சித்தப்பா வீட்டில் நாலு பேர், அம்மம்மா, நாங்கள். சரி, ஒரு வான் நிறைந்துவிட்டது. இரவு ஒன்பதுக்கு வெளிக்கிட்டு விடிய அங்கே இறங்குவது, பகல் முழுக்க விளையாடுவது, பின்னேரம் ஏறினால் அடுத்த நாள் விடிய வீடு. அறை வாடகை மிச்சம்.

இந்தக் கணக்குத்தான் முதல் தவறு. மற்றத் தவறுகளால் காசும் நேரமும்தான் போகும். இது உயிரோடு விளையாடுகிற தவறு.

மட்டக்களப்பிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புப் பக்கம் போக 300 கிலோமீற்றருக்கு மேல். தேநீருக்கும் பிள்ளைகளுக்கும் நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழெட்டு மணித்தியாலம் பிடிக்கும். இரவு முழுக்க ஓட்டி வந்த சாரதி பகலில் எங்கே படுப்பார் என்று யாரும் கேட்பதில்லை. வாகனத் தரிப்பிடத்தில், கொதிக்கிற வானுக்குள், சீட்டைச் சாய்த்துக்கொண்டு அவர் கிடப்பார். அதன் பெயர் நித்திரை இல்லை.

நாங்களும் ஒருமுறை அப்படித்தான் திரும்பி வந்தோம். வெலிக்கந்தை தாண்டி, புனானைக்குக் கிட்டவாக, பின்னால் எல்லோரும் நல்ல நித்திரை. நான் முன் சீட்டில் இருந்தேன். றோட்டின் நடுக்கோடு மெல்ல மெல்ல எங்கள் சக்கரத்துக்குக் கீழே வருவது தெரிந்தது. "அண்ணன்!" என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஓரத்தில் நிறுத்தி முகம் கழுவப் போனவர், போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் நின்றார். கை அப்படி நடுங்கியது. பிழை அவருடையது இல்லை. ஒரு மனுசனை இரண்டு இரவு நித்திரை இல்லாமல் ஓட்டச் சொன்னது நாங்கள்தான். மின்னேரியா, வெலிக்கந்தை, புனானை என்று அந்த வழி நெடுக இரவில் யானையும் றோட்டுக்கு வரும். நித்திரைக் கண்ணுக்கு யானை தெரியாது.

அதனால் இதை ஒரு நாள் பயணமாக நினைக்காமல் மூன்று நாள் பயணமாகப் போடுங்கள். முதல் நாள் பகலில் போய், இரவு படுத்து, இரண்டாம் நாள் பூங்கா, மூன்றாம் நாள் பகலில் திரும்புதல். கொழும்பு வெள்ளவத்தையில் உறவினர் வீடு இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. ஹங்வெல்ல கொழும்பிலிருந்து 30 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான். அறை எடுப்பதென்றால் சாரதிக்கும் கட்டில் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். அதுவும் கட்டாது என்றால் ரயிலில் முன்கூட்டியே இருக்கை பதிந்து கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போய், அங்கே ஒரு நாளைக்கு மட்டும் வான் பிடிக்கலாம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் ஊருக்குள்ளால் போகிற ஏ4 வீதிதான் மொனராகலை, பலாங்கொடை, இரத்தினபுரி எல்லாம் சுற்றி ஹங்வெல்ல வழியாகக் கொழும்புக்குப் போகிறது. ஒரே றோட்டு என்று ஆசைப்பட வேண்டாம். மலை வளைவுகளில் பிள்ளைகள் சத்தி எடுத்துக் களைத்துவிடுவார்கள். எந்த வழியால் போனாலும் சத்திக் குளிசையை வான் புறப்பட அரை மணிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிய பலன் இல்லை.

அடுத்தது மழை. எங்களுக்கு மாரி என்றால் ஒக்டோபர் முடிவிலிருந்து ஜனவரி வரை. ஓகஸ்ட்டில் இங்கே வெயில் கொளுத்தும். அதே நினைப்பில் ஓகஸ்ட் விடுமுறைக்கு நாள் குறிக்கிறோம். ஆனால் மேற்குப் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்ரெம்பர் வரை. களனி கங்கை பெருகுகிற செய்திகளில் ஹங்வெல்ல என்ற பெயர் அடிக்கடி வருவதைக் கேட்டிருப்பீர்கள். ஏப்ரலில் அங்கே காலை வெயில் அடித்தாலும் பின்னேரம் இடி இடிக்கும். இடி மின்னல் என்றால் தடாகத்திலிருந்து எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள், சறுக்குகளையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஏப்ரலில் போனால் தண்ணீர் விளையாட்டை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். நாளைத் தெரிவு செய்ய முடிந்தால் பெப்ரவரி, மார்ச் நல்லது. போகும் முன் ஒருமுறை போன் எடுத்து, எந்த விளையாட்டு திருத்த வேலையில் இருக்கிறது, அன்றைக்குப் பாடசாலைச் சுற்றுலாவோ கம்பனி ஆட்களோ பெரிய கூட்டமாக வருகிறார்களா என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

உடுப்பு விஷயத்தில் எங்கள் பெண்கள் வாசலில் வைத்துத்தான் ஏமாறுகிறார்கள். நீர்ப் பூங்காக்களில் பருத்திச் சல்வாரோடும் ரீசேட்டோடும் பொதுவாகத் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்கும், தொங்குகிற துணி சறுக்கில் சிக்கும். பிறகு அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது கரையில் குந்தியிருக்க வேண்டும். நைலோன், லைக்ரா துணியில் கையும் காலும் மூடிய நீச்சல் உடுப்புகள் இருக்கின்றன. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டுமல்ல, எங்கள் மாமிமாருக்கும் அதுதான் வசதி. எந்த மாதிரி உடுப்பை ஏற்பார்கள் என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடலாம். சிப், இரும்புப் பொத்தான் உள்ள காற்சட்டையும் வேண்டாம், சறுக்கைக் கீறும்.

தாலிக்கொடியைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். கழற்ற மனம் வராது, எனக்கு விளங்குகிறது. ஆனால் அலைத் தடாகத்தில் ஒரு கொடி அறுந்தால், நூறு பேர் மிதித்துக்கொண்டு நிற்கிற தண்ணீரில் தேடுவது எப்படி? தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, கொடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இப்போது வந்துவிட்டது.

பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். பெரிய சறுக்குகளுக்கும் ஏறிச் சுற்றுகிற விளையாட்டுகளுக்கும் உயர எல்லை இருக்கும், பல இடங்களில் 120 சென்ரிமீற்றர் அளவில். என் தங்கை மகன் வரிசையில் அரை மணி நின்று, அளவுகோலுக்குக் கீழே போனதும் குதிக்காலை மெல்லத் தூக்கினான். பொறுப்பாளர் சிரித்துக்கொண்டு அவன் தோளில் கை வைத்தார். குதிக்கால் இறங்கியது. இரண்டு விரல் காணாது. அதற்குப் பிறகு அவன் எதிலும் ஏறவில்லை, மதியம் வரை கதைக்கவும் இல்லை. அவனுக்கு உரியது எது என்று முதலே தெரிந்திருந்தால் நேரே அதற்கே கூட்டிப் போயிருப்போம்.

பாசிக்குடாக் கடலில் குளித்துப் பழகிய பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை. அங்கே கரையிலிருந்து கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான், அலையும் பொதுவாகப் பெரிதாக அடிக்காது. அந்தத் துணிவோடு அலைத் தடாகத்தில் இறங்குவார்கள். அதன் தரை கரையிலிருந்து உள்ளே போகப் போகச் சரியும். சும்மா கிடந்த தண்ணீர், இயந்திரம் தொடங்கியதும் எழும்பி ஆளைத் தூக்கும். கூட்டத்துக்குள் ஒரு சின்னத் தலை கீழே போனால் உயிர்காப்பாளருக்கும் உடனே தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டுகிற தூரத்தில், போனைப் பார்க்காமல். ஆளைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

தொலைந்து போகிற பிள்ளைக்கு இன்னொரு சிக்கல், மொழி. அங்கே சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் சிங்களம் கதைப்பவர்கள். எங்கள் ஆறு வயதுப் பிள்ளை அழுதுகொண்டு "அப்பாவைக் காணல்ல" என்றால் விளங்கிக்கொள்ள ஆள் கிடைக்க வேண்டும். "தாத்தி நெஹெ" என்ற இரண்டு சொல்லைப் பழக்கிவிடுங்கள். போன் இலக்கத்தைக் கையில் பேனாவால் எழுதினால் முதல் குளிப்பிலேயே அழிந்துவிடும். அழியாத மையால் துணிப் பட்டியில் எழுதி மணிக்கட்டில் கட்டிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே நிறத் தொப்பியும் உதவும்.

சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புட்டோ இடியப்பமோ வயிறு நிறையச் சாப்பிட்டு, கதவு திறக்கும்போதே நில்லுங்கள். முதல் ஒரு மணித்தியாலத்தில் வரிசை நீளுகிற பெரிய சறுக்குகளை முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே எடுத்துவிடலாம். தண்ணீருக்குள் நிற்கும்போது தாகம் தெரியாது, ஆனால் பின்னேரம் தலையிடிக்கும். ஜீவனிப் பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, சீனித் தூள்) இரண்டு பையில் இருக்கட்டும். அம்மம்மாவுக்கு நிழலும் கதிரையும் எங்கே என்று போனவுடன் பார்த்துவிடுங்கள். "நான் சும்மா இருந்து பார்க்கத்தானே, எனக்கு என்னத்துக்குகா டிக்கட்?" என்று அவர் கேட்பார். பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கும் டிக்கட் உண்டா என்று விசாரித்து, அதையும் சேர்த்துக் காசு எடுங்கள்.

மூடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே தண்ணீரிலிருந்து ஏறிவிடுங்கள்; கடைசி நேரத்தில் உடுப்பு மாற்றுகிற அறைகளில் நிற்க இடமிருக்காது. ஈர உடுப்புக்குத் தனியாக ஒரு பொலித்தீன் பை, ஆளுக்கு ஒரு துவாய். இரவு எல்லோரும், சாரதியும்தான், கால் நீட்டிப் படுக்கட்டும். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் வெலிக்கந்தைக் காட்டை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடலாம்.