எல்டன் ரிங்: புதிதாக ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறு சாயங்காலம் ஆனால் ராயபுரத்தில் எங்கள் மாடி அறைக்குத் தெருப் பசங்க நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். இருப்பது ஒரே கன்ட்ரோலர். செத்தால் அடுத்தவன் கைக்குப் போய்விடும். 2022 பிப்ரவரியில் வெளிவந்த எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை இப்படித்தான் ஒவ்வொருவனாகக் கற்றுக்கொண்டிருக்கிறோம். கை மாறுகிறதே தவிர, தடுக்கி விழும் இடங்கள் அப்படியே இருக்கின்றன.

பெரிய தடுக்கல் மார்கிட், ஆரம்பத்திலேயே வழிமறிக்கும் பெரிய எதிரி, அதாவது பாஸ். ஸ்டார்ம்வெய்ல் கோட்டைப் பாலத்தில் தடியோடு வந்து இறங்குவான். "ண்ணா, அடிக்கவே வுட மாட்றான்ணா" என்று கன்ட்ரோலரை என்னிடம் நீட்டாத பையனே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் கண் முன்னால் தெரியும். மார்கிட் தடியைத் தலைக்கு மேல் தூக்குகிறான். அந்த நொடியே பையனின் கட்டைவிரல் வட்டப் பொத்தானைப் படபடவென்று தட்டுகிறது. ஒரு தடவை உருளுகிறான், மறுபடியும் உருளுகிறான். மார்கிட்டோ தூக்கிய தடியை இறக்காமல் அப்படியே நிற்கிறான். இரண்டாவது ரோல் முடிந்து இவன் எழுந்திருக்கும்போதுதான் அடி இறங்குகிறது.

எங்கள் பக்கம் பாக்சிங் ஊறிய மண். சின்ன வயதில் நானும் இரண்டு வருடம் வாத்தியாரிடம் போனேன். முதல் மாதம் முழுக்க அவர் சொன்னது இரண்டே விஷயம். "கண்ண மூடாத. கையப் பாக்காத, தோளப் பாரு." குத்து விடாமல் தோளை மட்டும் அசைத்துக் காட்டுவார். அதற்கே பதறி கார்டைத் திறந்தவனுக்கு அடுத்தது நிஜமாக விழும். மார்கிட் செய்வதும் அதேதான். பதறுகிறவனைப் பிடிப்பதற்காகவே அந்தத் தாமதத்தை வைத்திருக்கிறார்கள். தடி மேலே போவதை விட்டுவிட்டு, கீழே இறங்கத் தொடங்குவதைப் பாருங்கள். அப்போது ஒரே ஒரு தடவை உருளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, பொத்தானை அழுத்தும்போது ரோல் வராது, விடும்போதுதான் வரும். அழுத்திப் பிடித்தால் ஓட்டம் என்பதால் இந்த ஏற்பாடு. எனவே லேசாகத் தட்டி உடனே விட வேண்டும். இரண்டாவது, கத்தி வீசிக்கொண்டிருக்கும்போது தட்டியதையும் ஆட்டம் நினைவில் வைத்துக்கொண்டு, வீச்சு முடிந்ததும் செய்துவிடும். "நான் அமுக்கவே இல்லண்ணா, அதுவா உருளுது" என்பார்கள். முந்தைய பயத்தில் அமுக்கியது அது.

நான் பசங்களுக்குத் தரும் பயிற்சி இதுதான்: மார்கிட்டிடம் போய் மூன்று தடவை ஒரு அடிகூட அடிக்காமல் சாகுங்கள். தப்பிப்பது மட்டும்தான் வேலை. முதல் தடவை அலுத்துக்கொள்வார்கள், மூன்றாவது தடவை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பின்னால் உருளுவதைவிட அவன் பக்கமாக, அடிக்குக் கீழே நுழைந்து உருளுவது பல அடிகளுக்கு நல்லது என்பதும் அப்போதுதான் புரியும்.

பச்சைக் கோடு தீரும்வரை அடிப்பது அடுத்த தவறு. ஸ்டாமினா காலியானால் ரோலும் வராது. மூன்று அடிக்கு இடம் இருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள். அதேபோல, எதிரியின் முகத்துக்கு நேராக நின்று ஃப்ளாஸ்க், அதாவது உயிரை ஏற்றும் குப்பி, குடிக்காதீர்கள். நீங்கள் குடிக்கக் கை தூக்கினாலே மார்கிட் தங்கக் கத்தியை வீசுவான். அவன் ஒரு பெரிய அடியை முடித்துவிட்டு நிற்கும் இடைவெளி குடிப்பதற்கானது.

இனி கணக்குப் பக்கம். லெவல் ஏறியதும் பலம், மந்திரம் என்று போட்டுவிட்டு விகரைத் தொடாமல் விடுகிறார்கள். உயிரின் அளவு அதில்தான் இருக்கிறது. விகர் 15 என்றால் உயிர் 522. 40-க்குக் கொண்டுபோனால் 1,450. 60-ல் 1,900. அங்கிருந்து 99 வரை 39 லெவல் செலவழித்தாலும் கிடைப்பது வெறும் 200. ஆகவே 40 வரை தயங்காமல் போடலாம். ஒரே அடியில் சாகிறவனுக்கு எதிரியின் அடுத்த அடி எப்படி வரும் என்று பார்க்கவே வாய்ப்பில்லை. இரண்டு அடி தாங்குகிறவன்தான் கற்றுக்கொள்வான்.

அடிக்கும் வலு கூட வேண்டுமா? ஆரம்பத்தில் அது ஆயுதத்தை மேம்படுத்துவதில் இருக்கிறது. ஆயுதத்தை ஏற்றும் கல்லுக்கு ஸ்மிதிங் ஸ்டோன் என்று பெயர். சாதாரணக் கல் ஏற்கும் ஆயுதங்கள் +25 வரை போகும், சோம்பர் என்ற வேறு வகைக் கல் ஏற்பவை +10 வரை. முதல் மூன்று படியை எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறையிலேயே நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். அதற்கான கல் லிம்கிரேவ் டனல்ஸ் சுரங்கத்தில் கிடைக்கும். பல பேர் கண்ணில் பட்ட வாளையெல்லாம் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். ஒன்றைப் பிடித்து அதையே ஏற்றுங்கள்.

கவசம் அழகாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வதும் உண்டு. மாட்டியிருப்பதன் மொத்த எடை, நீங்கள் சுமக்கக்கூடிய அளவில் 70 சதவீதத்தைத் தாண்டினால் ரோல் கனத்துப் போய், மூட்டையைத் தள்ளிவிட்டதுபோல விழும். 70-க்குள் நிற்கும்படி ஏதாவது ஒன்றைக் கழற்றுங்கள்.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கும் குகையிலிருந்து வெளியே வந்ததும் தங்கக் கவசத்தில் குதிரைமேல் ஒருவன் நடப்பான், ட்ரீ சென்டினல். அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம், தப்பே இல்லை. கிரேஸ் என்ற இளைப்பாறும் இடத்திலிருந்து எழும் தங்கக் கீற்று கோட்டையைக் காட்டுகிறது என்பதற்காக நேராக அங்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை. முதலில் தெற்கே பாலம் தாண்டி வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போங்கள். அங்கே மூன்று தேவாலயங்களில் ஃப்ளாஸ்க்கின் வலுவைக் கூட்டும் சேக்ரட் டியர் இருக்கிறது. திரும்பி வரும்போது மார்கிட் அதே மார்கிட்தான், நீங்கள் வேறு ஆள்.

நீங்கள் ஏறிப் போகும் குதிரை கிடைத்த பிறகு எல்லே தேவாலயத்துக்கு இரவில் ஒருமுறை போங்கள். ஆவிகளை அழைக்கும் மணியும், உங்கள் பக்கம் சண்டை போடும் மூன்று ஓநாய்களும் கிடைக்கும். அதைப் பயன்படுத்தினால் ஜெயித்தது கணக்கில் வராது என்று சில பெரிய பசங்க சின்னவர்களை வாயடைக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. ஆட்டத்தைச் செய்தவர்களே கையில் கொடுத்தது அது. ஓநாய்கள் மார்கிட்டைத் திருப்பும் சில நொடிகளில்தான் பயந்த பையன் முதன்முதலாக அவன் உடம்பு அசைவதை நிதானமாகப் பார்க்கிறான்.

எதிரிகளைக் கொன்று சேர்க்கும் ரூன்தான் லெவல் ஏற்றும் காசு. செத்த இடத்தில் அது விழுந்து கிடக்கும். அதை எடுக்கும் முன் மறுபடி செத்தால் போய்விடும். அதை நினைத்துக்கொண்டே ஓடுவது இன்னொரு சாவுக்கு வழி. பாஸ் அறைக்குள் போகும் முன் கையிலிருக்கும் ரூனை லெவலுக்குச் செலவழித்துவிட்டால் மனசு லேசாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. சாயங்காலம் குழாயில் தண்ணி வந்ததும் கீழேயிருந்து "டேய், குடத்த எடுத்துனு வாடா" என்று குரல் வரும். எதிரி பாதி வாளை ஓங்கியிருப்பான். மெனு திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், திரும்பி வந்தால் செத்துக் கிடக்கிறார்கள். மெனு திறந்திருந்தாலும் ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சிஸ்டம் பகுதிக்குப் போய் ஆட்டத்தை விட்டு வெளியேறுங்கள், அதுவே சேமித்துக்கொள்ளும். குடத்தை நிரப்பி வைத்துவிட்டு வந்து ஏற்றினால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். பாஸ் சண்டை நடுவில் போயிருந்தால் மட்டும் அவன் இடத்தின் வாசலில் இருக்கும் பனித்திரைக்கு வெளியே நீங்கள், அவன் முழு உயிரோடு உள்ளே.