ஆய்வேடு, ஆட்டம், விருந்து: ஒரே வாரக் கடைசியில் மூன்றும்

சனிக்கிழமை காலை ஃபுட்பால், அன்றிரவே 12 பேருக்கு விருந்து, நள்ளிரவு தாண்டியும் குடி. இப்படி வைத்துக்கொண்டால் ஞாயிறு படுக்கையிலேயே கழியும். திங்களன்று ஆய்வேட்டைத் திறந்தால் எங்கே விட்டோம் என்பதே பிடிபடாது. முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்தத் திங்கள் காலையைத்தான். அதனால் திங்களிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

வெள்ளி மாலை லேப்பை விட்டுக் கிளம்பும்முன், சனிக்கிழமை ஆள் தேவைப்படும் எதையும் தொடங்காதீர்கள். செல் வளர்ப்பவர்கள் மீடியா (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றும் வேலையை வெள்ளியிலேயே முடித்துவிடலாம். கணினியில் நீண்ட நேரம் ஓடும் கணக்கீடு இருந்தால் அப்போதே ஓடவிடுங்கள். ஆனால் இடைநிலை முடிவுகள் மணிக்கொரு முறை சேமிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நடுவில் நின்றுபோனால் எல்லாம் முதலிலிருந்து. ஆய்வேட்டில் அடுத்து எழுத வேண்டியதை இரண்டு வரியில் குறித்துவிட்டு மூடுங்கள். திங்கள் காலை அந்த இரண்டு வரி ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சமையலில் பாதி வெள்ளி இரவே முடிய வேண்டும். 12 பேருக்கு அரிசி 1.2 கிலோ, எலும்போடு இறைச்சி 2.5 கிலோ, வெங்காயம் 1.5 கிலோ போதும். வெங்காயம் முழுவதையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால் நீர் விட்டு வேகுமே தவிர சிவக்காது. அகலமான பாத்திரத்தில் இரண்டு தடவையாக வதக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணிக்குமேல் ஆகும். நாலு பேருக்கான அளவை மூன்றால் பெருக்கும்போது தண்ணீரையும் அப்படியே பெருக்கிவிடாதீர்கள். பெரிய பாத்திரத்தில் ஆவியாவது அளவுக்கேற்ப அதிகரிக்காது, குழம்பு நீர்த்துவிடும். முக்கால் பங்கு ஊற்றிவிட்டு, தேவைப்பட்டால் பிறகு சேர்க்கலாம். உப்பையும் கடைசியில் சரிபாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஆறவைப்பதில்தான். 5 லிட்டர் குழம்பை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி இரவு முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிகள் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள். அகலத் தட்டுகளில் 5 செ.மீ. ஆழத்துக்கு மிகாமல் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். சோறு மட்டும் அன்றன்றே; சில கிருமிகளின் வித்துகள் வெந்த சோற்றிலும் பிழைத்திருந்து, வெளியே வைத்தால் முளைத்துவிடும்.

ஆட்டம் சனி காலைக்குத்தான் சரி. வாரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு முதல் ஓட்டத்திலேயே தொடையின் பின்தசையைப் பிடித்துக்கொள்ளும். 10 நிமிடம் மெல்ல ஓடி, பிறகு வேகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் முழுமூச்சாக ஆடுவதே காயத்துக்கு அழைப்பு; நடுவில் செவ்வாய் அல்லது புதன் 40 நிமிடமாவது ஓடுங்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதை ஈடுகட்டாமல் மாலையில் மதுவைத் தொடாதீர்கள். கணுக்கால் சுளுக்கியிருந்தால் அன்று மது வேண்டவே வேண்டாம்: வீக்கம் கூடலாம், வலி தெரியாமல் காலை ஊன்றியும் விடுவீர்கள்.

மது அருந்துபவர்கள் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் கிராம் கிடைக்கும். 5 சதவீத பியர் 330 மி.லி.யில் சுமார் 13 கிராம். உடல் மணிக்குத் தோராயமாக 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். மூன்று பியர் என்றால் நாலு முதல் ஐந்தரை மணி நேரம். ஆல்கஹால் தூக்கத்தைத் துண்டாக்கும். எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்பு தீராது. ஆகவே விருந்தை 6 மணிக்கே தொடங்கி, 9 மணியோடு ஊற்றுவதை நிறுத்துங்கள். பெரிய கிண்ணத்தில் மதுவைக் கலந்து வைக்காதீர்கள். யார் எவ்வளவு குடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கிண்ணத்தில் மதுவில்லாத பானமே இருக்கட்டும்: அரை கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர், 100 கிராம் இஞ்சி சேர்த்து 10 நிமிடம் காய்ச்சி வடிகட்டுங்கள். 30 மி.லி. பாகுக்கு 200 மி.லி. சோடா, எலுமிச்சை. இதை வைத்தால் குடிக்காதவர்கள் வெறும் தண்ணீரோடு ஒதுங்கி உட்கார வேண்டியிருக்காது.

மிஞ்சிய குழம்பை இரவே ஒரு வேளை அளவு டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். திங்கள், செவ்வாய் மதியச் சமையல் மிச்சம், அந்த நேரம் ஆய்வேட்டுக்கு.