உண்டிவில்லால் வேட்டை: உயிர் பிழைக்கும் நேரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

காட்டில் வழி தவறினால் கையில் என்ன இருக்க வேண்டும் என்று யார் பட்டியல் போட்டாலும் உண்டிவில் அதில் வந்துவிடுகிறது. கவட்டை என்றும் சொல்வோமே, அதேதான். எடை இல்லை, சத்தம் இல்லை, தரையில் கிடக்கும் கல்லே குண்டு என்பார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை நம்பித்தான் நிறையப் பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

கையில் கிடைத்த கல்லை எடுத்து அடிப்பதுதான் முதல் தவறு. ஒரு கல் நான்கு கிராம் இருக்கும், அடுத்தது ஒன்பது கிராம் இருக்கும். ஒன்று தட்டையாக இருந்தால் காற்றில் வளைந்து போகும், மூலை உள்ளது சுழன்று விலகும். முதல் கல் எங்கே விழுந்தது என்று பார்த்துக் குறியைத் திருத்தினால், இரண்டாவது கல் அந்தத் திருத்தத்துக்குக் கட்டுப்படாது. ஒரே எடை, ஒரே வடிவம் இருந்தால்தான் கை பழகும். அதனால்தான் இதில் தேறியவர்கள் பேரிங்கில் இருக்கும் இரும்புக் குண்டுகளைப் பையில் வைத்திருக்கிறார்கள். 9.5 மில்லிமீட்டர் குண்டு சுமார் மூன்றரை கிராம், 12.7 மில்லிமீட்டர் குண்டு சுமார் எட்டரை கிராம். சிறு பறவைக்கு முதலாவது போதும், முயல் அளவுள்ள விலங்குக்கு இரண்டாவது வேண்டும். குண்டே இல்லை என்றால் ஆற்றுப் படுகையில் உட்கார்ந்து, கோலிக்குண்டு அளவில் உருண்டையான கூழாங்கற்களாகப் பார்த்துப் பொறுக்குங்கள். அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை, அது வீண் இல்லை.

அடுத்தது தூரம். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நல்ல ரப்பர் போட்ட உண்டிவில்லிலிருந்து குண்டு நொடிக்கு சுமார் 60 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டரைக் கடக்க ஆறில் ஒரு நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 14 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். இருபது மீட்டர் என்றால் இறக்கம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்: சுமார் 54 சென்டிமீட்டர். காற்று வேகத்தைக் குறைப்பதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இப்போது கண் கணக்கில் பிசகுவதைப் பாருங்கள். 23 மீட்டரில் நிற்கும் முயலை 20 மீட்டர் என்று நினைத்து அடித்தால் குண்டு சுமார் 18 சென்டிமீட்டர் தாழ்ந்து போகும். நீங்கள் குறி வைத்த தலையோ ஐந்தாறு சென்டிமீட்டர் அகலம்தான். பத்து மீட்டருக்குள் இருந்தால், இதே விகிதத்தில் பிசகினாலும் மூன்று நான்கு சென்டிமீட்டரோடு முடிந்துவிடும்.

உங்கள் தூரம் எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு டப்பா மூடியைத் தொங்கவிட்டு, பத்துக்கு ஒன்பது முறை எவ்வளவு தூரத்திலிருந்து அடிக்க முடிகிறது என்று பாருங்கள். நான் முதன்முதலில் இப்படிச் சோதித்தபோது என் தூரம் ஏழு மீட்டருக்கு மேல் போகவில்லை. அதுவரை பதினைந்து மீட்டரிலும் அடித்துவிடுவேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வரும் எண் எதுவோ அதைத் தாண்டி உயிருள்ள எதையும் அடிக்காதீர்கள். கிட்டே போக முடியவில்லையா, காத்திருங்கள். நீர் குடிக்க வரும் தடத்தின் ஓரத்தில், காற்று விலங்கின் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசும்படி, அசையாமல் உட்காருங்கள். வேட்டையில் முக்கால் பங்கு இந்த உட்காருதல்தான்.

உடம்பில் பட்டாலும் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. அம்பு வெட்டிக்கொண்டு உள்ளே போகும், ரத்தம் வடியும். உண்டிவில் குண்டு அப்படி இல்லை, அது மோதும். மோதும் இடம் தலையாக இருந்தால்தான் விலங்கு அந்த இடத்திலேயே விழும். விலாவில் பட்டால் எலும்பு முறிந்த நிலையில் ஓடி, ஏதோ ஒரு புதருக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். உங்களுக்கும் சாப்பாடு இல்லை, அதற்கும் நிம்மதியான சாவு இல்லை. தலை தெளிவாகத் தெரியவில்லை என்றால் இழுத்த ரப்பரை மெல்லத் தளர்த்திவிடுங்கள்.

ரப்பர் என்றதும் சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டுபவர்கள் உண்டு. இன்றைய டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் இழுத்து விட்டால் சோம்பலாகத்தான் திரும்பும். வேகம் பாதியானால் அடியின் ஆற்றல் கால்வாசி ஆகிவிடும். இயற்கை ரப்பரான லேடெக்ஸ் பட்டையோ குழாயோதான் இதற்குச் சரி. ஆனால் அதற்கு வெயில் ஆகாது. வெளியில் தொங்கவிட்ட பட்டையில், கவையில் (இரண்டாகப் பிரியும் கட்டையில்) கட்டிய இடத்திலும் குண்டு வைக்கும் தோலில் கட்டிய இடத்திலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் முதலில் வரும். ஒவ்வொரு நாளும் பட்டையை லேசாக இழுத்து, அந்த இரண்டு முடிச்சுகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இழுக்கும்போது தோல் பக்கம் அறுந்தால் பட்டை முன்னே பாயும், கவைப் பக்கம் அறுந்தால் நேராக உங்கள் முகத்துக்கு வரும். எனக்கு ஒருமுறை அப்படி வந்து புருவத்தில் பட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். அன்றிலிருந்து கண்ணாடி போடாமல் நான் உண்டிவில்லைத் தொடுவதில்லை, பயிற்சியிலும்கூட. மாற்றுப் பட்டை குறைந்தது இரண்டு, இருட்டான உறைக்குள், எப்போதும் பையில் இருக்கட்டும். குளிரில் ரப்பர் மந்தமாகிவிடும் என்பதால் அடிக்கும்வரை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

இழுத்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குறி பார்ப்பதும் கூடாது. கை நடுங்கும், ரப்பரும் இழுத்த நிலையில் நிற்க நிற்க வேகத்தை இழக்கும். தோலை ஒவ்வொரு முறையும் கன்னத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றிரண்டு நொடிக்குள் விட்டுவிட வேண்டும். குண்டு தோலின் நடுவில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரமாக இருந்தால் அது கவையிலோ உங்கள் கட்டைவிரலிலோ அடிக்கும். பாறையை நோக்கியும் தண்ணீர்ப் பரப்பை நோக்கியும் அடிக்காதீர்கள், குண்டு தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பயிற்சியெல்லாம் டப்பாவோடும் தொங்கவிட்ட துணியோடும் நிற்கட்டும். பல நாடுகளில் காட்டுயிர்களை வேட்டையாடத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. சில இடங்களில் உண்டிவில் வைத்திருப்பதற்கே விதிகள் உண்டு. உயிர் போகும் நிலை என்பது வேறு, பொழுதுபோக்கு என்பது வேறு.

அந்த உயிர் போகும் நிலையிலும் முதல் நாளே உண்டிவில்லோடு அலைவது தவறுதான். உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்கலாம், தண்ணீர் இல்லாமல் சில நாள்தான் தாங்கும். தண்ணீர், ஒதுங்க ஓர் இடம், நெருப்பு, தேடி வருபவர்களுக்கு அடையாளம், அப்புறம்தான் வேட்டை. முயல் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். நாள்கணக்கில் அதை மட்டுமே தின்றால் உடம்பு கொழுப்புக்கு ஏங்கித் தளர்ந்துபோகும், வயிறு போகும். பனிக்காடுகளில் இப்படிப் பட்டினி கிடந்தவர்கள் இதற்கு முயல் பட்டினி என்றே பெயர் வைத்தார்கள்.

குண்டு பட்டு விலங்கு விழுந்தவுடன் துள்ளி ஓடிப் போகாதீர்கள். விழுந்த இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்துக் குறித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நடங்கள். நான்கு தப்படி விலகினாலும் புல்லுக்குள் காணாமல் போய்விடும். உயிர் இருந்தால் தாமதிக்காமல் முடித்துவிடுங்கள். கிட்டே போனபோதும் ஓடாமல் மந்தமாக நின்ற விலங்கு என்றால் அதை அடிக்கவே கூடாது, நோய் இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வெறுங்கையால் தோலுரிக்காதீர்கள். வயிற்றைத் திறந்ததும் ஈரலைப் பாருங்கள். முயலின் ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது மனிதருக்கும் தொற்றும் துலரீமியா என்ற நோயாக இருக்கலாம். பசி எவ்வளவு இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். ஈரல் ஒரே நிறத்தில் வழவழப்பாக இருந்தால், எலும்பை ஒட்டிய சதையிலும் சிவப்பு தெரியாத அளவுக்கு வேகவைத்துச் சாப்பிடலாம்.