பையன் கையிலிருந்து கயிற்றை வாங்காதீர்கள்: புதிய சாரண ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மைதானம். புதிதாகச் சாரணர் படை தொடங்கிய இளம் ஆசிரியர் ஒருவரின் பயிற்சியைப் போன வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கும் அணித்தலைவன் தன் பையன்களுக்கு க்ளோவ் ஹிட்ச் முடிச்சு சொல்லிக்கொடுத்தான். முதல் சுற்று சரியாக வந்தது. இரண்டாவது சுற்றில் நுனியை எங்கே நுழைப்பது என்று கொஞ்சம் தடுமாறினான். பத்து விநாடி இருக்கும். "இங்க குடுடா" என்று சார் கயிற்றை வாங்கி, சட்டென்று கட்டிக் காட்டினார். ஆறு பையன்களின் கண்ணும் அவனை விட்டு சார் பக்கம் திரும்பிவிட்டது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் பல வருடம் இதையே செய்தவன்.

யூனிஃபார்ம், நேரம், வருகைப் பதிவேடு பற்றியெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அணித்தலைவனைத் தாண்டிப் போவது

1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத்தான் தலைவனாக வைத்தார். இன்றும் ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. ஆசிரியர் அணித்தலைவனிடம் சொல்ல வேண்டும், அவன் தன் பையன்களிடம் சொல்வான். நாமே சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பையன் கற்றுக்கொள்வது அந்தச் சுற்றுவழியில்தான்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வியாசர்பாடியில் தண்ணீர் வடிந்த பிறகு 200 சாப்பாட்டுப் பொட்டலம் வருவதாகத் தகவல் வந்தது. என் படையில் 14 வயது அணித்தலைவன் ஒருவன், காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதி வந்தான். நீல மை ஈரத்தில் பரவியிருந்தது. எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை, யாரால் படி இறங்க முடியாது என்று வீடு வீடாக விசாரித்து எழுதியிருந்தான். முதல் வரி: "மூணாவது மாடி, ஆயா, தனியா இருக்காங்க." உள்ளே இருக்கும் வீடுகளுக்கு முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் தெருமுனைக்கு வரலாம் என்பது அவன் திட்டம்.

வண்டி தாமதமாக வந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டது. எனக்குப் பதற்றம். பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விசில் ஊதி, தெருமுனையிலேயே வரிசை கட்டச் சொன்னேன். இருபது நிமிடத்தில் எல்லாம் தீர்ந்தது.

"சார், ஆயாவுக்குக் குடுத்தீங்களா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் தன் வீட்டுக்கு வாங்கிய பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடி ஏறினான்.

அடுத்த வாரமும் வந்தான். எதைக் கேட்டாலும், "நீங்களே சொல்லுங்க சார்" என்றான். இரண்டு மாதத்தில் வருவதையே நிறுத்திவிட்டான். அந்த அணியில் வேறு எவனும் தலைவனாக முன்வரவில்லை. தலைவன் என்றால் பட்டியல் எழுதுபவன், முடிவு சாருடையது என்று அவர்களுக்குப் புரிந்துபோயிருந்தது. அந்த அணியை மறுபடி எழுப்ப எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இன்றும் அதை நினைத்தால் என் மேல் கோபம் வருகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். வேலைக்கு முன்னாலேயே அணித்தலைவனோடு உட்கார்ந்து பேசிவிடுவேன். வேலை நடக்கும்போது இருபதடி தள்ளி நிற்பேன். தவறினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன், அவன் பையன்கள் முன்னால் சொல்ல மாட்டேன். தண்ணீர், மின்சாரம், வண்டி இந்த மூன்றில் ஆபத்து என்றால் மட்டும் உடனே குறுக்கே போவேன்.

முகாம் கட்டணத்தை மே மாதத்தில் கேட்பது

கோடை விடுமுறை என்பதால் எல்லோரும் மே மாதத்தில் முகாம் போடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் பல வீடுகளில் அப்போது வருமானமே இருக்காது. அந்த நேரத்தில் 500 ரூபாய் கேட்டால் பையன் வீட்டில் சொல்லவே மாட்டான், "ஊருக்குப் போறேன் சார்" என்று நம்மிடம் சொல்லிவிட்டு நின்றுவிடுவான். ஜனவரியிலிருந்தே மாதாமாதம் கொஞ்சமாக வாங்குங்கள். ஞாயிறு காலைப் பயிற்சியும் அப்படித்தான். மீன் சந்தை நெரியும் நாள் அது, வீட்டுக்குக் கை கொடுக்கும் பையன்களால் வர முடியாது. சாயங்காலம் வையுங்கள்.

சத்தமாகப் பேசுபவனைத் தலைவனாக்குவது

அணியே தேர்ந்தெடுக்கட்டும். யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்தாலே உங்களுக்கும் தெரிந்துவிடும்.

வெள்ளத்திலும் எண்ணெய்க் கழிவிலும் பையன்களை இறக்குவது

அதே டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது, "பசங்கள அனுப்புங்க சார்" என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். நீங்களும் மறுங்கள்.

போட்டோவுக்காகச் சேவை

வேண்டாம்.

யூனிஃபார்ம் இல்லாதவனைக் கடைசியில் நிறுத்துவது

வளர்ந்துபோன பையன்களின் பழைய சட்டைகளை வாங்கித் துவைத்து ஒரு பெட்டியில் வைத்திருங்கள். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அவனை வரச் சொல்லி, அளவு பார்த்துக் கொடுங்கள்.