பெரிய விமானத்தின் பின்னால் சின்ன விமானத்தை இறக்குவது எப்படி

முன்னால் போன விமானம் கிளப்பிவிட்ட காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது எங்கே போகும் என்று கணக்குப் போடலாம். செஸ்னா 172-ல் பயிற்சி எடுக்கும் என் தங்கை மகனுக்காக இதை எழுதுகிறேன். கன்ட்ரோல் டவரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது பாம்பன் பக்கம் மண்டபம் என்ற ஊரில் இருக்கிறேன். சின்ன விமானம் ஓட்டும் மற்ற பிள்ளைகளும் படிக்கலாம்.

இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் நுனியில் கீழ்க்காற்று மேலே சுருண்டு ஏறி, விமானத்துக்குப் பின்னால் இரண்டு சுழல்களாக நீளும். எடை கூடக்கூட, வேகம் குறையக்குறைய அது வலுக்கும். இறங்க வரும் விமானம் மெதுவாகத்தான் வரும், மாப்ளே.

பாம்பனில் யாரிடம் சொன்னாலும், விசைப்படகு போன தடத்தில் வள்ளம் ஆடுவதைத்தான் சொல்வார்கள். அது பாதி சரி. படகின் அலை நீர்மட்டத்திலேயே விரியும். இந்தச் சுழலோ நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். ஆகவே முன்னால் போனவர் வந்த பாதைக்கு மேலேயே வா. அவர் சக்கரம் தொட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டித் தொடு. மிச்ச ரன்வே உனக்குப் போதுமா என்று முன்பே பார். அவர் இறங்காமல் புறப்பட்டுப் போனவராக இருந்தால், மூக்கைத் தூக்கிய இடத்துக்கு நன்றாக முன்பே இறங்கிவிடு.

இடைவெளிக்குச் சர்வதேச விதி இருக்கிறது. 7 டன் வரை லைட், 136 டன்னும் அதற்கு மேலும் ஹெவி, நடுவில் மீடியம். ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானம் மீடியம், உன் செஸ்னா ஒரு டன் சொச்சம். மீடியத்தின் பின்னால் வரும் லைட்டுக்கு 5 கடல் மைல், ஹெவியின் பின்னால் 6. ரேடார் வைத்து வழிநடத்தும்போது இதைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்வார். முன்னால் போவது கண்ணில் தெரிகிறது என்று சொல்லி விஷுவல் அப்ரோச்சை, அதாவது கண்ணால் பார்த்தே இறங்குவதை, ஏற்றுக்கொண்டால், இடைவெளி உன் பொறுப்பு. 1993 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான்டா அனாவில் ஒரு சிறிய ஜெட் அப்படித்தான் போயிங் 757-ன் பின்னால் வந்தது. இரண்டு மைல் சொச்சம்தான் இடைவெளி, அதுவும் 757 வந்த பாதைக்குக் கீழே. ஐந்து பேர் இறந்தார்கள்.

காற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பலத்த காற்றில் சுழல் சீக்கிரம் சிதறிவிடும். நீ அஞ்ச வேண்டியது மெல்லிய காற்றுக்கு. தரையை நெருங்கியதும் இரண்டு சுழலும் ஆளுக்கொரு பக்கமாக 2, 3 நாட் (மணிக்கு 2, 3 கடல் மைல்) வேகத்தில் நகரும். அதே வேகத்தில் பக்கக் காற்று வீசினால், காற்று வரும் பக்கத்துச் சுழல் நகர முடியாமல் ரன்வே மேலேயே நிற்கும். பின்னாலிருந்தும் கொஞ்சம் தள்ளினால் இன்னும் மோசம்: முன்னவர் தொட்ட இடத்தைத் தாண்டி, நீ தொட நினைத்த இடத்துக்கே சுழல் வந்து சேரும்.

மதுரை ரன்வே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கு நோக்கி இறங்குகிறாய், வடகிழக்கிலிருந்து வாடை லேசாக வீசுகிறது என்றால், அது வலப்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்த காற்று. கரையில் பிறந்தவனுக்கு இந்தத் திசைக்கணக்கு கஷ்டமில்லை. ஃபைனலுக்கு, அதாவது ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிப் பாதைக்கு, திரும்பும் முன்பே காற்றுத்திசையையும் வேகத்தையும் டவரிடம் கேட்டுவிடு. காத்திருக்க வேண்டுமென்றால் "இன்னொரு சுற்று வருகிறேன்" என்று சொல். நான் டவரில் இருந்த காலத்தில் இப்படிக் கேட்ட மாணவனை ஒருபோதும் குறையாக நினைத்ததில்லை.

இதையெல்லாம் பார்த்தும் ஃபைனலில் இறக்கை திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்தால், இறங்கியே தீருவேன் என்று நிற்காதே. முழு பவர் கொடு, இறக்கையைச் சமன் செய், மேலே ஏறு. ரட்டரை (வாலில் இருக்கும் சுக்கானை) இடமும் வலமும் மாற்றி மாற்றி மிதிக்காதே. விமானம் நிலைக்கு வந்த பிறகு டவரிடம் சொல். உனக்குப் பின்னால் இன்னொரு செஸ்னா வந்துகொண்டிருக்கலாம்.