ரயில் பாதையை வைத்து இடம்சார் வலையமைப்பு வரைவது எப்படி?

இடம்சார் வலையமைப்பு என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால் நான் இலக்கணம் சொல்வதில்லை. தாளும் பென்சிலும் கொடுத்து, "நடுவில் விழுப்புரம் என்று ஒரு புள்ளி வை" என்பேன். அங்கிருந்து ரயில் பாதை ஐந்து பக்கம் பிரிகிறது: செங்கல்பட்டு, காட்பாடி, புதுச்சேரி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி.

ஊர் புள்ளி, பாதை கோடு; இரண்டும் சேர்ந்தால் வலையமைப்பு. புள்ளிக்கு நிலத்தில் ஓர் இடம், கோட்டுக்கு நீளம், அந்த நீளத்துக்குப் பணமோ நேரமோ ஒரு செலவு. இவ்வளவும் இருந்தால்தான் அது இடம்சார்ந்தது. வாட்ஸ்அப் குழுவும் வலையமைப்புதான், ஆனால் நண்பர் கடலூரில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும் அங்கே ஒன்றுதான்.

அடுத்து, எதற்கெல்லாம் புள்ளி வைப்பது? அது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. பயணிகள் எங்கே ஏறுகிறார்கள் என்று பார்க்கப்போகிறீர்கள் என்றால் திண்டிவனத்துக்குப் புள்ளி வேண்டும். பாதை எங்கே அறுந்தால் ஆபத்து என்பதுதான் கேள்வி என்றால் திண்டிவனத்தை விட்டுவிடலாம். பாதை பிரியும் இடமும் முடியும் இடமும் போதும்.

சரி, கோட்டின் மேல் என்ன எழுதுவது? கிலோமீட்டர் மட்டும் போதாது. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் (chord line) தூரம் குறைந்தது, இரட்டைப் பாதை. மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் சுற்றி அதே திருச்சிக்கு வரும் மெயின் லைன் நீளமானது. ஓடும் நேரத்தையும் எழுதினால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.

இப்போது அழிப்பானை எடுங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். விருத்தாசலம்–திருச்சி கோட்டை அழித்தாலும் சுற்றிக்கொண்டு திருச்சி போய்விடலாம். பாம்பன் கோட்டை அழித்தால் ராமேஸ்வரம் தனித்துப்போகும். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை நடந்தது அதுதான். அதற்கும் முன்னால், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு கோடு இருந்தது. 1964 டிசம்பர் புயலோடு அது போனது.

பலர் கவனிக்காதது எல்லை. தமிழ்நாட்டோடு தாளை முடித்துக்கொண்டால் புதுச்சேரி காணாமல் போய், விழுப்புரத்தின் ஐந்து நாலாகிவிடும். திருப்பதிப் பக்கம் போகும் பாதை இல்லாமல் காட்பாடியும் இளைத்துவிடும். அதனால் எல்லைக்கு வெளியே அடுத்த ஜங்ஷன் வரையாவது வரையுங்கள்.

இந்த முறை மற்ற துறைகளுக்கும் பொருந்தும், கோட்டின் குணம்தான் மாறும். சங்கிலித் தொடர் ஏரிகளில் மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் என்ற வடிகால் வழியே வழியும் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும், திரும்பி வராது. ஆகவே கோட்டுக்கு அம்புக்குறி போடுங்கள். இலை நரம்புகளில் வளையங்கள் நிறைய, ஓரிடத்தில் பூச்சி கடித்தாலும் தண்ணீர் சுற்றிப் போகும். மின்கம்பி, மூளை நரம்பு எல்லாவற்றிலும் நீளம் கூடினால் செலவு கூடும். விமானப் பாதைகள் ஒன்றையொன்று தாராளமாக வெட்டிக்கொள்ளும், ஆனால் வெட்டும் இடத்தில் புள்ளி கிடையாது.

சாலைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து எடுத்துக் கணினியில் வரையும்போதும் இதைப் பாருங்கள். மேம்பாலச் சாலையும் கீழே போகும் சாலையும் படத்தில் வெட்டிக்கொள்ளும். அங்கே புள்ளி விழுந்துவிட்டால், வண்டி பாலத்திலிருந்து நேரே கீழே குதித்துக் குறுக்கு வழியில் போவதாகக் கணக்கு வரும்.