சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டும் முன்னால் செய்ய வேண்டியவை

நானும் அண்ணனும் ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட டைல், செய்கிற பட்டறை நடத்துகிறோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி பேச்சைக் கேட்டு ஆன்லைன் கடை ஒன்று கட்டினோம், ஒரு கல்கூட அதில் விற்கவில்லை. வீடு முழுக்கத் தரை போடுகிறவர் நிறத்தைக் கண்ணால் பார்க்காமல் வாங்குவாரா? எங்கள் பணம் வீணானதுபோல் உங்கள் பணமும் வீணாகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: அடுத்த ஒரு வருஷத்தில் தொழிலுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "விற்பனை கூட வேண்டும்" என்று எழுதினால் எதை வாங்கினாலும் அதற்குப் பொருந்திவிடும். எங்கள் வரி இது: ஒருமுறை வாங்கிய சென்னை ஆர்க்கிடெக்ட் அடுத்த வீட்டுக்கும் நம்மிடமே வர வேண்டும். இதை வைத்துத்தான் கல்லை அழுத்திச் செய்கிற பிரஸ் மெஷின் வேண்டாம் என்று முடிவு செய்தோம், ஏனென்றால் கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர்க் கலவையைக் கையால் ஊற்றும்போது கல்லுக்குக் கல் வருகிற சின்ன வித்தியாசத்துக்காகத்தான் அவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

படி 2: ஒரு ஆர்டரின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். முதல் போன் வந்ததிலிருந்து லாரியில் ஏற்றுகிற வரை எங்கே நிற்கிறது, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கு இரண்டு இடத்தில் இடித்தது. வாட்ஸ்அப் போட்டோவில் பார்த்த பச்சை வேறு, இறங்கிய பச்சை வேறு. இன்னொன்று, எந்த ஆர்டரின் கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது, எது எடுக்கத் தயார் என்பது அண்ணன் மனசில் மட்டும் இருந்தது, அவர் ஊரில் இல்லாத நாளில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. முதலாவதற்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை, எண் போட்ட மாதிரிக் கல் இரண்டு செய்து ஒன்றை கூரியரில் அனுப்பி மற்றதை இங்கே வைத்துக்கொண்டோம். இரண்டாவதற்கு ஒரு கூகுள் ஷீட் போதுமானதாக இருந்தது: ஆர்டர் எண், கலர் எண், ஊற்றிய தேதி, தொட்டியிலிருந்து எடுத்த தேதி.

படி 3: இப்போது கட்டுகிற எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். ஜிஎஸ்டி பில் சட்டப்படி போட்டாக வேண்டும், அதற்கான சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். மற்றதில் படி 1 வரிக்கு உதவாததை அடுத்த ரினியூவலில் நிறுத்துங்கள்.

படி 4: புதிதாக எதை வாங்கினாலும் கெடு வையுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் ஏஜெண்டை மூன்று வருஷக் கணக்கில் அனுப்பினார்கள், ஊருக்கு ஐந்தொகை, அதாவது கடையின் சொத்து, கடன், லாபக் கணக்கு, வந்துகொண்டே இருக்கும். சாஃப்ட்வேரையும் அப்படி அனுப்பப்பட்ட ஆளாக நினையுங்கள். மூன்று மாதம் போதும். வாங்குகிற அன்றே எழுதிவிடுங்கள்: எந்த எண் மாற வேண்டும், இன்றைக்கு அது எவ்வளவு. நாங்கள் எண்ணிக்கை வைத்தது, நிறம் மாறியதென்று திரும்பி வந்த புகார்களை.

செலவு போடும்போது சந்தாவோடு நிறுத்தாதீர்கள். தினமும் அதில் பதிகிறவரின் நேரம், சொல்லிக்கொடுக்கிற நாட்கள், எல்லாம் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், விற்க வருகிறவரிடம் பணம் கட்டும் முன்பே ஒன்று கேளுங்கள்: நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் எடுத்துக்கொள்ளலாமா? அங்கேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.